கொலிசியம் நிலையத்தைக் கடந்து போகும் உறவுகளுக்கு

அன்புள்ள பே ஏரியாத் தமிழ் உறவுகளே,



ஃப்ரீமான்ட்டிலிருந்தும் டப்ளினிலிருந்தும் சான் ஃபிரான்சிஸ்கோ போகும் பார்ட் ரயிலில் உங்களில் பலர் வேலைக்குப் போய் வருகிறீர்கள். சான் லியாண்ட்ரோ தாண்டியதும் இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கான்கிரீட் வட்டம் தெரியும். அதுதான் ஓக்லாந்து கொலிசியம். விமான நிலையத்துக்கு வண்டி மாற இறங்குகிறவர்கள் அதை இன்னும் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். 1968 முதல் அங்கே பேஸ்பால் ஆடிய அத்லெடிக்ஸ் அணி, எல்லாரும் ஏஸ் என்று அழைக்கும் அணி, 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டது. அதிலிருந்து சங்க விழாக்களிலும் பிள்ளைகளின் பிறந்தநாள் வீடுகளிலும் என்னிடம் ஒரே கேள்விதான் வருகிறது: “அந்த இடிஞ்சு விழற ஸ்டேடியத்துக்கா இவ்வளவு வருத்தப்படறீங்க? சான் ஃபிரான்சிஸ்கோவுல தண்ணிக்கரையில அவ்வளவு அழகா ஒண்ணு இருக்கே!” தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. கொலிசியம் 1966ல் திறந்தது. ஆடுதளம் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. சாக்கடைக் குழாய்கள் அடிக்கடி பொங்கி வழிந்தன. 2013 ஜூன் 16 அன்று சியாட்டில் அணியோடு ஆடி முடித்த பிறகு இரண்டு அணிகளின் உடைமாற்றும் அறைகளிலும் கழிவுநீர் புகுந்துவிட்டது. எதிரெதிராக ஆடியவர்கள் மாடியில் இருந்த அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸின் அறைக்குப் போய் ஒன்றாகக் குளித்துக் கிளம்பினார்கள். இருக்கைகளுக்கு அடியில் பூனைகள் குடும்பம் நடத்தின. 2023ல் வெளியூர் வர்ணனையாளர்களின் அறையில் போசம் என்ற விலங்கு ஒன்று குடியேறி, வந்தவர்கள் வேறு அறை தேட வேண்டியதாயிற்று. ஆண்கள் கழிப்பறையில் நீளமான தகரத் தொட்டிதான். அந்த ரெய்டர்ஸ் அணியை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து திரும்ப அழைத்து வருவதற்காக 1990களின் நடுவில் அவுட்ஃபீல்டு பக்கம் ஒரு மாபெரும் இருக்கை அடுக்கை எழுப்பினார்கள். அதுவரை கேலரியில் உட்கார்ந்தால் தெரிந்த ஓக்லாந்து மலைகளை அது அப்படியே மறைத்துவிட்டது. கால்பந்து அணியின் முதலாளி அல் டேவிஸின் பெயரால் ரசிகர்கள் அதை ‘டேவிஸ் மலை’ என்றார்கள். பேஸ்பாலுக்கு அவ்வளவு இருக்கை நிரம்பாது. மேலடுக்குகளில் படுதா போட்டு மூடி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துதான் நான் பேஸ்பால் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அழகான மைதானத்தில் கற்றிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அங்கே பார்க்க ஆயிரம் இருக்கிறது: விரிகுடா, படகு, பாலம், பெரிய கோகோ கோலா பாட்டில். கொலிசியத்தில் ஆட்டத்தைத் தவிரக் கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. இடம் தாராளமாகக் கிடைக்கும். டிக்கெட் மலிவு. ரயில் நிலையத்திலிருந்து ஒரு நடைமேம்பாலம் நேராக வாசலுக்குக் கொண்டு போய் விடும். அந்தப் பாலத்தில் தண்ணீர் பாட்டில், தொப்பி, பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் என்று வியாபாரம் நடக்கும். வெங்காயம் வதங்கும் வாசனை பாலம் முழுக்கக் கூடவே வரும். புதன்கிழமை மதிய ஆட்டத்துக்குத் துறைமுகத் தொழிலாளிகள், பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள், இரவு ஷிப்ட் முடித்த நர்ஸ்கள் எல்லாரும் வருவார்கள். முன்பதிவு, திட்டம், கூட்டாளி எதுவும் வேண்டாம். மனசு வந்தால் போகலாம். நான் மதித்தது இதைத்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மைதானம் இன்னொரு விதத்திலும் நல்ல பள்ளிக்கூடம். நம் ஆட்டத்தில் மட்டையில் பட்டுப் பின்னால் பறந்தாலும் நாலு ரன். பேஸ்பாலில் இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்தால்தான் கணக்கு, வெளியே போனால் ‘ஃபவுல்’. பெரும்பாலான மைதானங்களில் அப்படி உயர்ந்து போகும் பந்து கேலரியில் விழும், ஒரு குழந்தைக்குப் பரிசாகும், பேட்டர் தப்பிப்பார். கொலிசியத்தில் கோட்டுக்கும் கேலரிக்கும் நடுவே மேஜர் லீகிலேயே மிக அகலமான வெற்றிடம் இருந்தது. பந்து அங்கேயே இறங்கும், யாராவது ஓடி வந்து பிடித்துவிடுவார்கள், பேட்டர் அவுட். பந்து எறிபவர்களுக்கு அது சொர்க்கம். மற்ற இடத்தில் ஹோம் ரன் அடித்துக் குவித்தவர் இங்கே தலையை ஆட்டிக்கொண்டு திரும்புவார். ரன் குறைந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பேஸும் கனக்கும். 3-2, 2-1 என்று முடியும் ஆட்டத்தின் இறுக்கத்தை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

பேஸைத் ‘திருடுவது’, அதாவது பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, என்ன என்று அங்கே பார்த்துத்தான் புரிந்தது. 2019ல் ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜாஸ் பட்லரை மறுமுனையில் ரன் அவுட் செய்தபோது நாம் எத்தனை நாள் வாதிட்டோம்! பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்வது நியாயமா, நகர்ந்தவரை அவுட் ஆக்குவது நியாயமா என்று. பேஸ்பாலில் அந்தப் போராட்டம் ஆட்டத்தின் நடுவிலேயே வெளிப்படையாக நடக்கிறது. ஓடுகிறவர் பேஸை விட்டு இரண்டடி, நாலடி நகர்வார். எறிபவர் திரும்பிப் பார்ப்பார், சட்டென்று அந்தப் பக்கம் எறிவார். மறுபடி நகர்வு. யாருக்கும் கோபமில்லை, அதுவும் கலை. அந்தக் கலையின் தலைமகன் ஓக்லாந்துத் தெருக்களில் வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சன். 1982ல் ஒரே பருவத்தில் 130 பேஸ் திருடினார். 1991 மே 1 அன்று கொலிசியத்தில் மூன்றாவது பேஸைத் திருடி, 939 என்ற எண்ணோடு லூ பிராக்கின் சாதனையைத் தாண்டினார். பேஸை மண்ணிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஆடி முடித்தபோது 1,406. அதன் பக்கத்தில் வர இன்றுவரை ஆளில்லை. அவர் பெயரைத்தான் 2017ல் அந்த ஆடுதளத்துக்கு வைத்தார்கள்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வந்து, கார் ஓட்டத் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கோடைகாலம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அப்படி ஒரு கோடையில் அப்பாவை ஒரு மதிய ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வரிசையில் ஒரு மூதாட்டி மடியில் அட்டை வைத்து, பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். காதில் டிரான்சிஸ்டர். சேப்பாக்கம் டெஸ்ட் நடக்கும்போது அப்துல் ஜப்பாரின் வர்ணனையைக் கேட்டபடி கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு பந்தையும் குறித்தவர் அப்பா. கை சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து, சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். ஆடுதளத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. எறிபவர் 1, பிடிப்பவர் 2. ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாவது பேஸ்காரர் 4, முதல் பேஸ்காரர் 3. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் எறிந்து இரண்டு பேரை அவுட் ஆக்கினால் 6-4-3. ஸ்ட்ரைக் அவுட் என்றால் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமல் நின்றே அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டும். ஐந்தாவது இன்னிங்ஸில் பென்சில் அப்பா கையில் இருந்தது. 1981 முதல் 2005ல் இறக்கும் வரை ஏஸ் ஆட்டங்களை வானொலியில் சொன்ன பில் கிங்கைப் பற்றி அந்த அம்மாள் பேசினார், ஜப்பாரைப் பற்றி அப்பா பேசினார். இரண்டு பேரும் மற்றவர் சொன்ன குரலைக் கேட்டதில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. அமெரிக்காவில் அப்பா ஒரு அந்நியரோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

நெரிசலான, விலை உயர்ந்த இருக்கையில் இது நடக்காது. காலி இருக்கை இருந்ததால் நடந்தது. கொலிசியத்தின் பெரிய சம்பவங்கள் பலவும் காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் நடந்திருக்கின்றன. வந்த 27 பேட்டர்களில் ஒருவரைக்கூடப் பேஸ் தொடவிடாமல் ஆட்டத்தை முடிப்பதை ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்கிறார்கள். மேஜர் லீக் வரலாற்றில் 2023 வரை 24 தான் நடந்திருக்கின்றன. அவற்றில் மூன்று இந்த ஒரே மைதானத்தில். 1968 மே 8 அன்று கேட்ஃபிஷ் ஹண்டர் அதைச் செய்தபோது பார்த்தவர்கள் 6,298 பேர். 2010 மே 9, அன்னையர் தினம், டாலஸ் பிரேடன் செய்தபோது 12,228 பேர். பள்ளியில் படிக்கும்போதே தாயைப் புற்றுநோய்க்கு இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர் பிரேடன். கடைசி அவுட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டியை மைதானத்தில் கட்டிக்கொண்டு நின்றார். 2023 ஜூன் 28 அன்று மூன்றாவது முறை அதைச் செய்தவர் எதிரணியின், நியூயார்க் யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மான்.

உங்களில் மென்பொருள்காரர்கள் பலர் ‘மணிபால்’ படம் பார்த்திருப்பீர்கள், புள்ளிவிவரத்தை வைத்து ஏழை அணி ஜெயிக்கும் கதை என்பதால். அந்த அணி இதுதான், அந்த மைதானமும் இதுதான். 2002 செப்டம்பர் 4 அன்று 11-0 என்று முன்னிலையில் இருந்து, 11-11 என்று ஆகி, கடைசி இன்னிங்ஸில் ஸ்காட் ஹேட்டபர்க் அடித்த ஹோம் ரன்னில் தொடர்ச்சியாக இருபதாவது வெற்றி வந்தது. படத்துக்காகக் கற்பனை செய்தது இல்லை அது. அன்று 55,528 பேர் இருந்தார்கள்.

சேப்பாக்கத்தில் கேலரி கேலரியாக எழுந்து கை தூக்குவோமே, மெக்சிகன் அலை, அதுவும் 1981 அக்டோபர் 15 அன்று ஓக்லாந்தில் கிரேஸி ஜார்ஜ் என்ற உற்சாகத் தலைவர் கேலரியைச் சம்மதிக்கவைத்து எழுப்பியதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும் உரிமை கொண்டாடுகிறார்கள், ஆனால் அவர்கள் தேதி அதே மாதக் கடைசி. ஓக்லாந்துதான் முந்தியது.

இனி நீங்கள் கேட்கும் அடுத்த கேள்விக்கு வருகிறேன். இத்தனை பெருமை உள்ள இடத்தை ஏன் அப்படிச் சிதைய விட்டார்கள்? நாளைக்குக் காலி செய்துவிடுவேன் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் குடித்தனக்காரர் உள்ள வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? கொலிசியம் ஓக்லாந்து நகரத்துக்கும் அலமேடா கவுண்டிக்கும் பொதுவாக இருந்தது. டேவிஸ் மலைக்காக வாங்கிய கடனை, ரெய்டர்ஸ் இரண்டாம் முறையும் ஊரை விட்டுப் போன பிறகும் வரி கட்டுகிறவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு செலவு செய்ய நகரம் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. அணியோ புதிய மைதானம் ஒன்றே பேச்சு என்று இருந்தது. ஃப்ரீமான்ட்காரர்களே, 2006 நவம்பரில் சிஸ்கோ நிறுவனத்தின் நிலத்தில் மைதானம் கட்டுவதாக அறிவித்து அது நம் ஊர் வரை வந்தது. 2009 பிப்ரவரியில் கைவிட்டார்கள். சான் ஹோசே போகலாம் என்றால் அது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயன்ட்ஸ் அணியின் எல்லை. சான் ஹோசே நகரம் 2013ல் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. பிறகு லேனி கல்லூரிப் பக்கம், பிறகு துறைமுகத்தின் ஹோவர்ட் டெர்மினல். ஒவ்வொரு திட்டமும் விழும்போதெல்லாம் கொலிசியத்தில் இன்னும் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. 2021 பருவம் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். 2023ல் 112 தோல்வி. கூட்டம் குறைந்தது. கூட்டம் வரவில்லை, மைதானம் பழசு, ஆகவே போகிறோம் என்றார்கள்.

கூட்டம் வராத ஊரா அது? 2018 ஏப்ரல் 17 அன்று, ஓக்லாந்தில் ஐம்பது ஆண்டு நிறைவுக்காக ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை முழுக்க இலவசமாக்கினார்கள். 46,028 பேர் வந்தார்கள். 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தாங்களே ஒரு போராட்டம் நடத்தினார்கள். புறக்கணிப்பதற்குப் பதிலாக எல்லாரும் காசு கொடுத்து உள்ளே வருவது என்பது திட்டம். பச்சைச் சட்டையில் ‘விற்றுவிடு’ என்ற ஒற்றைச் சொல் அச்சிட்டு 27,759 பேர் வந்து, உரிமையாளர் ஜான் ஃபிஷரை அணியை விற்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அட்டவணையின் அடியில் கிடந்த அணி அன்று அப்போதைய முன்னணி அணியான டாம்பா பேயை 2-1 என்று வென்றது. அதே நாளில் நெவாடா செனட், லாஸ் வேகஸில் மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் மற்ற முதலாளிகள் கூடி இடமாற்றத்துக்கு ஒருமனதாக வாக்களித்தார்கள். எனக்குக் கோபம் வருவது சாக்கடை மேல் இல்லை, இந்த வரிசை மேல். பராமரிக்காமல் விடு, பிறகு பராமரிப்பில்லை என்பதையே காரணமாகச் சொல்.

கடைசி நாளுக்கு உங்களில் சிலரையாவது அழைத்துப் போக முடிந்தது, அதில் எனக்கு நிறைவு. வியாழக்கிழமை மதியம், 46,889 பேர். ரிக்கி ஹெண்டர்சனும் ஓக்லாந்துக்காரரான பழைய ஆட்டக்காரர் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்துகளை எறிந்தார்கள். இன்னொரு பழைய ஆட்டக்காரரான பேரி ஜிட்டோ தேசிய கீதம் பாடினார். வலப்பக்கக் கேலரியில் மேளம் ஓயவே இல்லை. டெக்சஸை 3-2 என்று வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் மேலாளர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, ஓக்லாந்தின் பெயரைக் கடைசியாக ஒருமுறை சேர்ந்து முழங்கச் சொன்னார். கிளம்ப மனமில்லாமல் பலர் இருக்கையிலேயே இருந்தார்கள். சிலர் ஓரத்து மண்ணைக் கப்பில் அள்ளிக்கொண்டார்கள். மூன்று மாதம் முடிவதற்குள், டிசம்பர் 20 அன்று, ரிக்கி காலமானார். அணி இப்போது மேற்கு சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் கொள்ளும் சின்ன மைதானத்தில், எந்த ஊரின் பெயரையும் முன்னால் போட்டுக்கொள்ளாமல் ஆடுகிறது. 2028ல் லாஸ் வேகஸ் போவதாகத் திட்டம்.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், நம்மில் பலர் இப்போது இங்கே வாக்காளர்கள். அடுத்த முறை நகர மன்றத்தில் ஒரு மைதானத்துக்குப் பொதுப்பணம் கேட்டு வரும்போது, மலிவு டிக்கெட் எத்தனை, ரயிலில் வர வழி உண்டா, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுந்து கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு மாலை ஓக்லாந்துக்கு வாருங்கள். ஏஸ் போகிறது என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஓக்லாந்து பாலர்ஸ் என்று புதிய அணி தொடங்கி, 2024 முதல் மேற்கு ஓக்லாந்தின் ரைமோண்டி பூங்காவில் ஆடுகிறார்கள். மேஜர் லீக் இல்லை, பயனியர் லீக். ரசிகர்களும் பணம் போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். முதல் பருவத்திலேயே கெல்ஸி விட்மோர் என்ற பெண் எறிபவராக ஒரு ஆட்டத்தைத் தொடங்கினார். அந்த லீகில் அப்படித் தொடங்கிய முதல் பெண் அவர்தான். மகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லுங்கள். 2025ல் கோப்பையும் அவர்களுக்கே. கொலிசியத்தில் மேளம் அடித்தவர்களை அங்கே பார்க்கலாம். மேற்கு ஓக்லாந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல். மே பிற்பாதியில் தொடங்கி செப்டம்பர் வரை ஆட்டம் உண்டு. சாயங்காலம் விரிகுடாக் காற்று குளிரும், அப்பா அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். ஸ்கோர் அட்டையும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு ரசிகன்